பெரிய கட்டும் ஐந்தாவது பெயரும்

2017 ஆகஸ்ட் 9, புதன்கிழமை, காலை பதினொன்று பத்து. ஆடிக் காற்று. வானத்தில் மேகம் இருந்தது, ஆனால் அது எங்கள் பக்கத்து மேகம் அல்ல. மேற்கே எங்கோ பெய்துவிட்டு வெறுங்கையோடு கிழக்கே போய்க்கொண்டிருந்தது. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் பஸ் என்னை இறக்கிவிட்டுப் போயிற்று. புழுதி அடங்கும்வரை கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றேன். பையில் குடை, தண்ணீர் பாட்டில், சர்க்கரை மாத்திரை, பென் டிரைவ். நான்கும் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மழையே வராத ஊருக்கும் குடை எடுத்துப் போவது என் வழக்கம்.

சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கருவேல மரங்களுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு சபை. அதை ஒட்டி ஒற்றை அறை வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், ஏதோ எண்ணுவதுபோல நிதானமாக வந்தது.

"டபிள்யூ... ஏ... டி... இ... ஆர்."

பிறகு ஆண் குரல்.

"வாட்டர். தண்ணி. ம், அடுத்தது."

"ஐ... என்."

"இன். ம்."

"டி... ஹெச்... இ."

பிள்ளைக்குப் பாடம் நடக்கிறது என்று நினைத்து வெளியிலேயே நின்றேன். வெயில் ஒருபுறம், காற்று ஒருபுறம். அந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகக் காற்றில் வந்து, கருவேலங்காய்கள் உரசும் சத்தத்தில் கலந்து போயின. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. எதையும் எண்ணிக் கணக்கு வைக்கிற என்னால் இன்றுவரை கணக்குச் சொல்ல முடியாத நேரம் அது ஒன்றுதான். பிறகு தலையை நீட்டிப் பார்த்தேன். பிள்ளை யாரும் இல்லை. கட்டிலில் எபினேசர் பாஸ்டர் கண்களை மூடி உட்கார்ந்திருந்தார். தரையில் மணைப்பலகை போட்டு அவர் மனைவி பாக்கியம், மடிக்கணினியின் திரையில் ஒரு விரலை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார்.

அந்த நாளைப் பற்றி எழுத இப்போது ஒரு காரணம் வந்திருக்கிறது. நான் ஓய்வுபெற்ற மதுரை அலுவலகத்தில் இப்போது வேலை பார்ப்பவர்கள் போன மாதம் என்னை அழைத்தார்கள். நிறுவனம் மாதக் கட்டணத்துக்கு மாறப் போகிறதாம். பழைய வாடிக்கையாளர்கள் போனில் சத்தம் போடுகிறார்களாம். "அண்ணாச்சி, அப்கிரேடு, பண்டல்னு அந்தக் காலத்துல எப்படிப் புரிய வச்சீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்றார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நான் பாளையம்பட்டிக்காரன். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். தறிக்காரக் குடும்பம். பி.காம். படித்து, அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் கணக்கு எழுதினேன். ஆலை மூடியபோது வயது நாற்பத்து நான்கு. ஒரு வருடம் எந்த வேலையும் கிடைக்கவில்லை. பிறகு மதுரையில் ஒரு கிறிஸ்தவப் புத்தக விநியோக நிறுவனத்தில் கணக்காளர் வேலை கிடைத்தது. அவர்கள் அச்சுப் புத்தகத்தோடு வேத நூலக மென்பொருளும் விற்க ஆரம்பித்தார்கள். கணினி தெரிந்த கணக்காளன் என்பதால் என்னை வெளியூருக்கு அனுப்பினார்கள். நான் ஞானஸ்நானம் பெற்றவன் அல்ல. ஆனால் எந்த விளக்கவுரை எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அந்த நூலகம் என்பது இதுதான். வேதாகமம், அதற்கு விளக்கவுரைகள், மூலமொழி அகராதிகள், வரைபடங்கள் எல்லாம் கணினிக்குள் இருக்கும். ஒரு வசனத்தைத் தொட்டால் எல்லாப் புத்தகங்களும் அந்த இடத்தில் திறந்துகொள்ளும். பிடித்த வரிக்கு வண்ணம் பூசலாம். புத்தகத்தைத் தனியாகவும் வாங்கலாம், தொகுப்பாகவும் வாங்கலாம். தொகுப்புகளுக்கு நிறுவனம் ஏதேதோ பெயர் வைத்திருந்தது. எங்கள் பக்கத்துப் பாஸ்டர்கள் சின்னக் கட்டு, நடுக் கட்டு, பெரிய கட்டு என்று சொல்வார்கள். எனக்கும் அதுதான் வசதி. நூல் கடையில் பண்டலைப் பிரித்து ஒரு சிட்டம் நூல் கேட்டால் தரமாட்டார்கள். இங்கேயும் கட்டைப் பிரித்துப் பாதி ஒருவருக்கு, பாதி இன்னொருவருக்கு என்று தர முடியாது.

ஆனால் நூல் கடையில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. ஒரே கட்டுக்கு ஆளுக்கு ஒரு விலை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் புத்தகங்களின் விலையைக் கட்டின் விலையிலிருந்து கழித்துவிடும். இல்லாததற்கு மட்டும் கொடுத்தால் போதும். இதை விளங்க வைப்பதற்குள் என் பாதித் தொண்டை போய்விடும். ஒருநாள் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், மாமன் மச்சான் முறையான இரண்டு பாஸ்டர்கள் என்னை நடுவில் நிறுத்திக்கொண்டார்கள்.

"ஏன் அண்ணாச்சி, நடுக் கட்டு எங்க மச்சானுக்குப் பதினோராயிரத்து இருநூறு. எனக்குப் பதினாறாயிரமா? எம் மூஞ்சியில ஏமாளின்னு எழுதி ஒட்டியிருக்கா?"

"இல்லிங்க. அவுக போன வருசமே அதுல ஒம்பது புத்தகத்தத் தனித்தனியா வாங்கிட்டாக. அந்தக் காசு கழிஞ்சிருக்கு."

"தனியா வாங்குனது எம்புட்டு?"

"ஆறாயிரத்து முந்நூறு."

அவர் மனதுக்குள் கூட்டினார். பதினேழாயிரத்து ஐந்நூறு வந்தது. மச்சான் தன்னைவிட ஆயிரத்து ஐந்நூறு கூடக் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப எனக்கும் ஒண்ணு போடுங்க அண்ணாச்சி. டீ எங்கணக்குல" என்றார். மச்சான்தான் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

அப்கிரேடு என்ற சொல்லுக்கு வேறு ஒரு பயம் இருந்தது. "பழச வாங்கிக்கிட்டுத்தான் புதுசக் குடுப்பீகளா?" என்று கேட்பார்கள். பழைய பாத்திரம் போட்டுப் புதுசு வாங்குகிற கணக்கு அது. "எதையும் வாங்க மாட்டோம், மென்பொருளின் புதுப் பதிப்பு சும்மாவே வரும், அதில் புதிதாகச் சேர்ந்த வசதிகளும் புத்தகங்களும் வேண்டுமென்றால் மட்டும் காசு" என்று சொல்வேன். இரண்டும் வேறு வேறு. இந்த ஒரு வாக்கியத்தைப் பதின்மூன்று வருடம் சொன்னேன்.

எனக்கு மேலதிகாரி கிரேஸ் மேடம். என்னைவிட ஆறு வயது சின்னவர். தாழ்ந்த குரலில்தான் பேசுவார்; எதிரே இருப்பவர் தானாகவே முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருக்கும். தாள் பறக்கிறது என்று மின்விசிறியைப் போடவிட மாட்டார். கோபம் வந்தால் என்னை 'சார்' என்பார், மற்ற நேரம் 'அண்ணாச்சி'. முடியாது என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. முடியாத காரியம் என்றால் மேசைமேல் இருக்கும் டீ டம்ளரை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவார். டம்ளர் நின்ற பிறகு பேசுவார்.

அவர் எனக்குச் சொல்லித் தந்த முறை ஒன்றுதான். விலையை முதலில் சொல்லாதே. வாடிக்கையாளர் கணக்கைத் திறந்து, "என்ன வச்சிருக்கீங்க?" என்று கேள். திரையில் பட்டியல் இருந்தாலும் நீ வாசிக்காதே. அவர்களே தங்களிடம் இருப்பதை வாய்விட்டுச் சொல்லட்டும். சொல்லி முடிக்கும்வரை விலை தெரியும் பகுதியைக் கையால் மறைத்துக்கொள். இது எதற்கு என்று முதல் வருடம் எனக்கு விளங்கவில்லை. நேரம் விரயம் என்று நினைத்தேன். பிறகு பார்த்தேன். இருப்பதைச் சொல்லிக்கொண்டு வரும்போதே பாதிப் பேர், "இம்புட்டு இருக்கா? இதையே இன்னும் வாசிக்கலையே. இப்ப வேணாம் அண்ணாச்சி" என்று விடுவார்கள். எங்களுக்கு வியாபாரம் போகும். அடுத்த முறை அவர்களே தேடி வருவார்கள்.

இனி அந்தப் புதன்கிழமை.

எபினேசர் பாஸ்டருக்கு அப்போது எழுபத்து மூன்று. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். கண் நரம்பு கெட்டுவிட்டது. ஆபரேஷனால் சரியாகாது என்று சொல்லிவிட்டார்கள். வெளிச்சம் மட்டும் தெரியும். தமிழ் வேதாகமத்தில் பெரும்பகுதி அவருக்கு மனப்பாடம். ஆனால் பிரசங்கத்துக்கு முன் விளக்கவுரை படிக்காமல் அவர் மேடை ஏறியதில்லை. சபையில் முப்பத்தேழு குடும்பம். வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைக்கலாமே என்று அவர்களில் சிலர் மரியாதையோடு பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்த ஒற்றை அறை வீடு சபையுடையது. புதிதாக ஒருவர் வந்தால் வீடு அவருக்கு.

நான் உள்ளே போனதும் பாக்கியம் அம்மா எழுந்து தண்ணீர் கொடுத்தார். எட்டாம் வகுப்பு படித்தவர். ஆங்கில எழுத்து தெரியும், சொல் தெரியாது. அவர் எழுத்தைச் சொல்ல, இவர் மனதில் கோத்துச் சொல்லாக்கி, சொற்களைக் கோத்து வரியாக்கிக்கொள்வார். ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது.

"தம்பி, புது வெர்ஷன்ல மிஷினே வாசிக்குமாமே? மெய்தானா?" என்றார் பாஸ்டர்.

"ஆமாங்கய்யா. இங்கிலீஷ் நல்லாவே வாசிக்கும். அந்த வசதி மட்டும் சும்மா வராது, அப்கிரேடுல இருக்கு."

மேடம் சொன்ன முறைப்படி திரையில் விலையைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டேன். "என்னய்யா வச்சிருக்கீங்க?" மறைத்த பிறகுதான் யாரிடமிருந்து மறைக்கிறேன் என்று உறைத்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

அவர் கண்களை மூடியபடியே சொல்லத் தொடங்கினார். ஒரு வீட்டுக்குள் நடப்பதுபோலச் சொன்னார். இடதுபக்கம் முதலில் அகராதிகள், அதற்குக் கீழே தீர்க்கதரிசிகளின் விளக்கவுரைகள், அதில் மூன்றாவது புத்தகம் தனக்குப் பிடிக்காது, கடைசியில் வரைபடங்கள். வெளியே காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பாக்கியம் அம்மா சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். எனக்கும் அந்த மத்தியானத்தில், ஓலைக் கொட்டகை அளவுகூட இல்லாத அந்த அறைக்குள் அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் நிற்பதுபோலவும், ஒரு கிழவர் விளக்கில்லாமல் அவற்றின் முதுகைத் தடவிக்கொண்டு போவதுபோலவும் இருந்தது.

முடித்ததும் கையை எடுத்தேன். "பட்டியல் விலை ஒம்பதாயிரத்து அறுநூறு. உங்ககிட்ட பெரிய கட்டு இருக்குறதால உங்க விலை அஞ்சாயிரத்து நூத்தம்பது."

"ஆளுக்கு ஆயிரத்து முப்பது" என்றார் உடனே.

"எந்த ஆளுக்கு அய்யா?"

"அஞ்சு பேருக்கும்தான்."

திரையில் பூசியிருந்த வண்ணங்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மஞ்சள், பச்சை, நீலம், ரோஸ், ஆரஞ்சு. ஒருவர் ஐந்து வண்ணம் பூசுவது உண்டு; இது அப்படி இல்லை.

அவர் எந்த ஒளிவும் இல்லாமல் சொன்னார். 2011இல் பெரிய கட்டு நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு. தனியாக ஒருவருக்கும் முடியாது. திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் இடையிலிருந்த ஐந்து பாஸ்டர்கள் ஆளுக்கு எட்டாயிரத்து ஐந்நூறு போட்டார்கள். மூத்தவர் என்று அவர் பெயரில் வாங்கினார்கள். பழைய மடிக்கணினி ஒன்றையும் அப்படியே வாங்கினார்கள். பிடித்த வரிக்குப் பூச ஆளுக்கு ஒரு வண்ணம் வைத்துக்கொண்டார்கள்.

"எங்க கெணறு மாதிரிதான் தம்பி. கெணறு அண்ணன் பேருல இருக்கும், தண்ணி அஞ்சு பேருக்கும் முறை. திங்க ஒருத்தர், செவ்வா ஒருத்தர், புதன் நான். சனிக்கிழமதான் கொஞ்சம் சண்ட வந்துச்சு. அதையும் வாரம் ஒருத்தருன்னு சுத்துல விட்டுட்டோம். மோட்டார் காயில் போனா அஞ்சு பேரும் போடணும்ல? இதுவும் அதே கணக்குதான்."

ஒரு கணக்கு, ஒரு ஆள். நிறுவனத்தின் விதி அது. மீறியது தெரிந்தால் கணக்கை முடக்குவார்கள். முடக்கினால் இவர் எதையும் கேட்க முடியாது. கேட்காததுபோல அப்கிரேடைப் போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று யோசித்தேன். போடவும் ஆரம்பித்தேன். முதல் திரையில் ஒரு பக்கம் ஆங்கிலம் வந்தது. அடியில் 'சம்மதம்' என்ற பொத்தான்.

"என்ன வந்திருக்கு?" என்றார்.

"ஒப்பந்தமுங்க. எல்லாருக்கும் வர்றதுதான். அமுக்கிருவோம்."

"வாசிங்க."

பழைய பதிப்பிலும் அந்தப் பக்கம் உண்டு. கண் தெரிந்த யாரும் அதை வாசித்து நான் பார்த்ததில்லை. நான் வாசித்தேன். இந்த நூலகம் இன்னாருடைய சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்ற இடம் வந்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"அப்ப அமுக்காதீங்க தம்பி. பொய்யாயிரும்."

"அய்யா, யாரு பாக்கப் போறா?"

அவர் சிரித்தார். "என்கிட்டயா கேக்குறீங்க?"

மாலை ஐந்து மணி பஸ்ஸுக்கு நானும் பாக்கியம் அம்மாவும் சாலைக்கு வந்தோம். அவர் கையில் ஒரு கறுப்பு ரெக்சின் பை. பஸ் நின்றதும் கண்டக்டர் இறங்கி, "என்ன பாஸ்டரம்மா, வேதப்பொட்டி ரெடியா?" என்று வாங்கி, எஞ்சின் மூடிமேல் வைத்தார். புதன் முடிந்தால் வியாழக்காரருக்குப் போக வேண்டும். ஆறு வருடமாக அந்தப் பாதையில் எத்தனையோ முறை அந்தப் பையைப் பார்த்திருக்கிறேன். யாருடைய துணிப்பையோ என்று நினைத்திருந்தேன். காய்ந்த கண்மாய்க் கரை ஓரமாக பஸ் ஆடி ஆடிப் போனது. பையும் ஆடியது. எனக்கு முன்பே அது ஒரு நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டது.

மறுநாள் மதுரை போய் கிரேஸ் மேடத்திடம் சொன்னேன். பெயரைச் சொல்லாமல்தான் ஆரம்பித்தேன். டம்ளர் சுற்ற ஆரம்பித்தது.

"கட்டைப் பிரிக்க முடியாது. அது தெரியும் உங்களுக்கு" என்றார்.

"தெரியும் மேடம்."

"அவரு பேருல இருக்கு. அவரு மட்டும் வாசிச்சா, அவரு அமுக்குறது பொய் இல்ல. மத்த நாலு பேரும் சொந்தமா வாங்கணும்."

"சின்னக் கட்டே ஆறாயிரத்து ஐந்நூறு. அவங்களால முடியாது. ஏற்கெனவே எட்டாயிரத்து ஐந்நூறு போட்டிருக்காங்க."

"யாரு பேருல?"

டம்ளர் நின்றது.

"கூட்டு விலை ஒண்ணு இருக்கு. ஒரே மாவட்டத்துல ஒரே நாள்ல அஞ்சு புதுக் கணக்குன்னா சின்னக் கட்டு ஆளுக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம். அஞ்சு, அண்ணாச்சி. நாலு இல்ல. அவரு பழைய கணக்கு, சேர மாட்டாரு."

அந்த ஒரு வாரம் ஐந்தாவது பெயரைத் தேடி அலைந்தேன். வீரசோழன் பாதையில் ஒருவர், நரிக்குடியில் ஒருவர், பாளையம்பட்டியில் ஒருவர். மூவருக்கும் அந்த மாதம் ஏதோ செலவு. ஐந்தாவது பெயர் இல்லாமலே மறு புதன்கிழமை, ஆகஸ்ட் 16, போய் இறங்கினேன். ஐந்து பேரும் சபைக்குள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். இளையவர் தாவீது, நரிக்குடிக்காரர், தன் போனை நீட்டினார். "எனக்கு என்ன விலைன்னு பாருங்க அண்ணாச்சி. எங்கிட்டதான் எல்லாம் இருக்கே, கழிச்சிரும்ல?"

பழக்கம் விடவில்லை. புதுக் கணக்கைத் திறந்து, விலையைக் கையால் மறைத்து, "என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் உற்சாகமாக ஒவ்வொன்றாகச் சொன்னார். அகராதிகள், விளக்கவுரைகள், வரைபடங்கள். அவர் சொல்லச் சொல்லத் திரையில் பட்டியல் காலியாகவே இருந்தது. கையை எடுத்தேன். ஆறாயிரத்து ஐந்நூறு. ஒரு ரூபாய் கழியவில்லை.

நீல வண்ணக்காரர் ஜெபராஜ் எழுந்துவிட்டார். "ஆறு வருசம்! நான் வெள்ளாட்ட வித்துப் போட்ட காசுய்யா அது. எம் பேருல ஒண்ணுமில்லையா? கெணத்துக்காரரு மட்டும் குடிக்கணும், நாங்க வாளியத் தூக்கிட்டுப் போகணுமா?"

"ஏலே ஜெபராஜு, உக்காருல. அவுக என்ன செய்வாக?" என்றார் அவர் வயதொத்த இன்னொருவர்.

எபினேசர் பாஸ்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு அப்கிரேடு வேணாம். இருக்கபடி இருக்கட்டும். எனக்கு வாசிக்கத்தான் பாக்கியம் இருக்காளே" என்றார்.

அதுவரை வாசலில் நின்ற பாக்கியம் அம்மா உள்ளே வந்தார்.

"எனக்கு ஏலாதுங்க."

எல்லாரும் திரும்பினார்கள்.

"ஒரு வருசமா எழுத்து எண்ணுறேன். ஒறக்கத்துலயும் ஏ, டீன்னு ஒளறுறேனாம். கண்ணு எனக்கும் மங்குது. ரெண்டு பேருக்கும் போச்சுன்னா யாரு யாருக்கு வாசிக்கிறது? தண்ணி எடுக்கணும், அடுப்பு மூட்டணும். நீங்க அஞ்சு பேரு முறை வச்சுக்கிட்டீகளே, எம் முறைய யாரு கேட்டீக?"

ஜெபராஜ் உட்கார்ந்தார். "எம் பேரப் போட்டுக்கோங்க அண்ணாச்சி" என்றார்; மற்ற மூவரும் தலையை ஆட்டினார்கள்.

நான் வெளியே வந்து மேடத்துக்குப் போன் போட்டேன். நான்கு பெயரையும் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அஞ்சாவது?"

நான் என் பெயரைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, நம்ம ஆபீஸ் ஊழியருக்குப் பாதி விலை உண்டு. உங்களுக்கு வேணும்னா தனியா மூவாயிரத்து இருநூத்தம்பதுக்கே போடலாமே?"

"அப்படி வாங்குனா அஞ்சுல சேருமா மேடம்?"

"சேராது."

"அப்ப மூவாயிரத்துத் தொள்ளாயிரமே போடுங்க. ஆனா நான் உங்க வேதத்துக்காரன் இல்லியே. அதனால ஏதும்..."

"எந்தச் சாமின்னு கேக்குற கட்டம் இதுல இல்ல" என்றார். பிறகு, தாழ்ந்த குரலில், முறைப்படி கேட்டார். "என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம்."

நான்கு பேருக்கும் சின்னக் கட்டு போனில் இறங்கியது. பெரிய கட்டில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை நான் மறைக்கவில்லை. அவர்களும் சொல்லிக் காட்டவில்லை. வேதப்பொட்டி இனி பஸ் ஏறாது என்று முடிவாயிற்று. கிணற்று வழக்கப்படி அப்கிரேடுக்கு ஆளுக்கு ஆயிரத்து முப்பது போடத்தான் செய்வோம் என்று ஜெபராஜே சொன்னார். "மோட்டார் காயில்னு நெனச்சுக்கிறோம். வெள்ளாடு இன்னொண்ணு இருக்கு."

எபினேசர் பாஸ்டர் ஒப்பந்தத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு என் விரலைப் பிடித்து இடம் தெரிந்துகொண்டு, தன் விரலைப் பொத்தான்மேல் வைத்து அமுக்கினார்.

குரல் வந்தது. ஆணுமில்லை பெண்ணுமில்லை என்பதுபோல் ஒரு குரல். நிற்காமல், மூச்சு வாங்காமல், போன புதன்கிழமை ஒரு பொழுது முழுக்க எடுத்துக்கொண்ட பக்கத்தை டீ ஆறுவதற்குள் வாசித்து முடித்தது. அவர் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டார். இரண்டு பக்கம் போனதும், "நிறுத்துங்க" என்றார்.

"என்னய்யா?"

"கலர் சொல்ல மாட்டேங்குதே."

வண்ணத்தை அது வாசிக்காது. அதற்கு எந்த அப்கிரேடும் கிடையாது என்று சொன்னேன். பாக்கியம் அம்மா மணைப்பலகையை இழுத்துப் போட்டுத் திரைமுன் உட்கார்ந்தார். குரல் மறுபடி ஓடியது. ஒரு வரியில் அவர் மெதுவாகச் சொன்னார்:

"பச்சை."

"தாவீது" என்றார் பாஸ்டர். பாய் இருந்த பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஏலே, இங்க என்னத்தடா கண்ட நீ?"

"நீலம்."

"ஜெபராஜு. ம், நீ கோடு போடுற எடந்தான் இது."

அப்படியே மத்தியானம் போயிற்று. குரல் வாசிக்க, அம்மா நிறம் சொல்ல, அவர் பெயர் சொல்ல. நான் இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டேன்.

எபினேசர் பாஸ்டருக்கு இப்போது எண்பத்தொன்று. அதே சபை, அதே வீடு. மாதக் கட்டணம் வந்தால் தன் பெரிய கட்டு போய்விடுமா என்று போன வாரம் எனக்குப் போன் செய்தார். போகாது, வாங்கியது வாங்கியதுதான் என்று விசாரித்துச் சொன்னேன். இப்போது வேலை பார்ப்பவர்களுக்கும் என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான். யார் சத்தம் போட்டாலும் விலையைக் கையால் மறைத்துக்கொண்டு, அவர்களிடம் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். முழுவதும் சொல்லி முடிக்க விடுங்கள்.

என்னுடைய சின்னக் கட்டை நான் இரண்டு வருடம் திறக்கவே இல்லை. ஓய்வுபெற்ற மாதம் ஒரு குறுஞ்செய்தி வந்தது: புது அப்கிரேடு, உங்கள் விலை ஆயிரத்து எழுநூற்று ஐம்பது. பட்டியல் விலையில் பாதிகூட இல்லை. என்னிடம் ஏதோ இருக்கிறது, அதைக் கழித்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது வேடிக்கையாக இருந்தது. வாங்கினேன். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, அடுத்த தெருவில் விசைத்தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே, அந்தக் குரலை ஓடவிட்டுப் படுத்திருப்பேன். பாதி புரியும், பாதியில் தூங்கிவிடுவேன். ஏதாவது ஒரு வரி நன்றாக இருந்தால் எழுந்து வண்ணம் பூசுவேன். ஐந்து வண்ணங்களுக்கும் ஏற்கெனவே ஆள் இருந்ததால் ஊதாவை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரி போன வாரம் கணக்குக் கேட்டாள். முதலில் கொடுத்தது மூவாயிரத்துத் தொள்ளாயிரம், பிறகு அப்கிரேடுகளுக்கு 2019இல் ஆயிரத்து எழுநூற்று ஐம்பது, 2021இல் இரண்டாயிரத்து முந்நூறு, 2024இல் ஆயிரத்து நூற்று எண்பது. மொத்தம் ஒன்பதாயிரத்து நூற்று முப்பது ரூபாய்.